இரவுச் சோறு செய்த குற்றம் என்ன?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நாம் கிராணி வேலை பார்க்கும் தோட்டத்து மண்டபத்தில் சுகாதாரப் பிரசங்கம் ஒன்று நடைபெற்றது. பட்டணத்திலிருந்து வந்திருந்த பிரசங்கியார் நல்ல பேச்சாளர், குரலும் கம்பீரமானது. நம்மவரிடையே உடல் பருத்தலும் இனிப்புநீர் வியாதியும் பெருகி வருவதை அவர் எடுத்துக் காட்டியபோது சபையில் ஒருவரும் மறுக்கவில்லை, மறுப்பதற்கு இடமுமில்லை. ஆனால் அதற்குக் காரணம் யாதென்று சொல்ல வந்தவர், "இரவு 7 மணிக்கு மேல் வாயில் வைக்கும் ஒவ்வொரு பிடியும் கொழுப்பாகவே மாறும், 7 மணியோடு அடுப்பை அணைத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரே மூச்சில் தீர்ப்புக் கூறி அமர்ந்தார். கைதட்டல் மண்டபத்தை அதிரச் செய்தது.

நாம் பின்வரிசையில் இருந்தோம். எமக்கு முன்னே அமர்ந்திருந்த பெண்மணிகள் பலர் அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தலை குனிந்ததைக் கண்டோம். அவர்களுள் ஒருவராவது இரவு ஒன்பதரைக்கு முன் தட்டின் முன்னே உட்கார்ந்ததுண்டா என்று அப்பிரசங்கியார் கேட்கவில்லை. ஏன் உட்கார முடியவில்லை என்றும் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் வாயே திறக்காமல் வழக்கு முடிந்துவிட்டது. அன்று எழுந்து நின்று பேச நமக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கடனைத் தீர்ப்பதற்காகவே இதனை எழுதுகிறோம்.

முதலில் வியாதியின் அளவைச் சொல்லிவிடுவோம். மலேசிய அரசாங்கம் 2019-ம் ஆண்டில் நடத்திய தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 50.1 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். இந்தியரை மட்டும் தனியே எடுத்தால் அத்தொகை 63.9 ஆகிறது. நீரிழிவு நாடு முழுவதிலும் நூற்றுக்கு 18.3 பேருக்கு, இந்தியரிலோ 31.4 பேருக்கு. 2023-ம் ஆண்டு மறுபடியும் எண்ணியபோது எடை மிகுந்தோர் தொகை நாடு முழுவதிலும் 54.4 ஆக ஏறியிருந்தது. ஆகவே பிரசங்கியார் பயமுறுத்தினார் என்று நாம் குறை கூறவில்லை. வீடு தீப்பற்றி எரிவது உண்மை. அவர் காட்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றினால் தீ அணையுமா என்பதே நமது கேள்வி.

நாம் கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள்; ஆதலின் கணக்கைக் கொண்டே தொடங்குவோம். உடலுக்கும் வரவு செலவு உண்டு. ஒரு கிராம் மாச்சத்து ஏறக்குறைய 4 கலோரி. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. இது வரவு. மூச்சு, இரத்த ஓட்டம், மூளையின் வேலை, உடற்சூடு, நடை, உழைப்பு ஆகியவை செலவு. மிஞ்சியது கொழுப்பாய் இருப்பில் சேரும். காலை 8 மணிக்கு 4 கலோரியாக இருந்த ஒரு கிராம் சோற்றுச் சத்து, இரவு 9 மணிக்கு 8 கலோரியாகிவிடுவதில்லை. உறங்கும்போது செலவு நின்றுவிடுகிறது என்று சிலர் சொல்லுவதும் தவறு. நாளொன்றுக்கு உடல் செய்யும் செலவில் பெரும்பகுதி, நாம் சும்மா படுத்திருந்தாலும் நடந்தே தீரும் செலவாகும். இருதயம் இரவில் விடுப்பு எடுப்பதில்லை.

அப்படியாயின், உண்ணும் நேரத்துக்கு யாதொரு தொடர்பும் இல்லையா? இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். வாதத்தில் வெல்வதற்காக உண்மையை மறைப்பது பிரசங்கியார் செய்த பிழையைத் திருப்பிச் செய்வதாகும். ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துப் படித்தவர்கள் என்ற முறையில், வைத்திய ஆராய்ச்சியாளர் எழுதியவற்றைப் படித்து நேயர்கள் முன் வைப்பது நமது கடமை.

2022-ம் ஆண்டில் அமெரிக்காவில், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில், எடை மிகுந்த 16 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஒரே அளவு உணவை ஒரு தடவை உரிய நேரத்திலும், மற்றொரு தடவை ஏறக்குறைய 4 மணி நேரம் தள்ளியும் கொடுத்தார்கள். தள்ளி உண்டபோது அவர்களுக்குப் பசி கூடிற்று. விழித்திருக்கும் நேரத்தில் உடல் செய்யும் செலவும் நூற்றுக்கு 5 பங்கு அளவில் குறைந்தது. அன்றியும், மாலை சாய்ந்த பின் உண்ணும் அதே சோறு, காலையில் உண்பதைவிட இரத்தத்தில் சர்க்கரையை அதிகமாய் ஏற்றுகிறது என்பது பல ஆராய்ச்சிகளில் கண்ட உண்மை. நம் உடம்பினுள்ளே ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எவ்வாறு இயங்குகிறதென்று கண்டறிந்த மூவருக்கு 2017-ம் ஆண்டில் நோபல் பரிசு கொடுத்தார்கள். இவ்வளவும் பிரசங்கியார் பக்கத்துச் சாட்சிகள்.

இனி எதிர்ப்பக்கத்துச் சாட்சிகளையும் கேட்போம். அதே 2022-ம் ஆண்டில் சீனாவின் குவாங்சௌ நகரத்தில், எடை மிகுந்த 139 பேரை இரண்டு பிரிவாக்கி ஓராண்டு காலம் கவனித்தார்கள். இரு பிரிவாருக்கும் உணவை ஒரே அளவில் குறைத்தார்கள். ஒரு பிரிவார் மட்டும் காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையிலேயே உண்ண வேண்டும் என்று கட்டளை. ஆண்டு முடிவில் நேரக் கட்டுப்பாடு உடையோர் சராசரி 8 கிலோவும், மற்றோர் 6.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடியதே என்று ஆராய்ந்தவர்களே முடிவு கட்டினார்கள். ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தில் 30 பேருக்கு, நான்கு வாரம் காலையில் பெருஞ்சோறும் நான்கு வாரம் மாலையில் பெருஞ்சோறுமாய் அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். இரு முறையிலும் குறைந்த எடை ஒன்றே. ஆனால் காலையில் மிகுதியாய் உண்ட வாரங்களில் பசி குறைவாய் இருந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது யாது? அளவு ஒன்றாயிருக்கும்போது கடிகாரத்தின் பங்கு சிறிது. ஆனால் நேரம் தள்ளத் தள்ளப் பசி வளர்கிறது; பசி வளர வளர அளவு மீறுகிறது. பகலெல்லாம் வெறுங்கடுந்தேநீரில் காலந்தள்ளியவன் இரவு 10 மணிக்குத் தட்டின் முன் அமர்ந்தால், அவன் கை அளவறியாது. மாதக் கடைசி இரவில் தூக்கக் கண்ணோடு எழுதும் கணக்கில் பிழை விழுவது போன்றதே இது. பிழைக்குப் பொறுப்பு இரவா, அவ்வளவு நேரம் வேலையைத் தேக்கி வைத்ததா என்று எந்தக் கிராணியையும் கேளுங்கள்.

நிற்க. நம் அண்டை வீட்டு மலாய் சகோதரர்களும், நம்மிலேயே இஸ்லாமிய சகோதரர்களும் ஆண்டுக்கொரு மாதம் பகலெல்லாம் நோன்பிருந்து, பொழுது சாய்ந்த பிறகும் விடியுமுன்னும் மட்டுமே உண்கிறார்கள். இரவில் வாயில் வைத்ததெல்லாம் கொழுப்பாவது உண்மையானால், அம்மாதக் கடைசியில் அவர்கள் அனைவரும் பெருத்திருக்க வேண்டும். நடப்பது வேறு. நோன்பு மாதத்தில் சராசரியாய் எடை சிறிது குறைகிறது என்றும், பின்னர்ப் பழைய வழக்கத்துக்குத் திரும்பியதும் ஏறிவிடுகிறது என்றும் ஆராய்ச்சிகள் கூறுகின்றன. இதைப் பார்க்க பாஸ்டனுக்கும் போக வேண்டாம், குவாங்சௌவுக்கும் போக வேண்டாம். பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தால் போதும்.

பொழுது சாய்ந்தபின் உண்ணலாகாது என்னும் விதி நம்மவர்க்குப் புதிதன்று. சமணர்கள் அதனைப் பன்னெடுங்காலமாய்க் கைக்கொண்டு வருகிறார்கள். அவர்கள் சொன்ன காரணம் கொல்லாமை. இருளில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மாளக் கூடாது என்னும் அருள். அவர்கள் இடுப்பளவைப் பற்றிப் பேசவில்லை. ஒரு சமயத்தாரின் அருள் விதியை எடுத்து, அதன் காரணத்தை வீசியெறிந்து, அந்த இடத்தில் விஞ்ஞானம் என்று எழுதி ஒட்டி, கைத்தொலைபேசியில் காலையும் மாலையும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். மூடநம்பிக்கை காவி உடுத்து வந்தால் அடையாளம் கண்டுகொள்கிறோம். வெள்ளைச் சட்டை அணிந்து வந்தால் கைதட்டுகிறோம்!

தட்டின் முன் ஒருவர் தாமதித்து அமர்வதற்குக் காரணம் யாது என்று இனியாவது கேட்போம். நம் சமூகத்தில் இரவு நேரங்கழித்து உண்பவர் யார்?

முதலாவது, நம் வீட்டுப் பெண்கள். விடியுமுன் எழுந்து சமைத்து, தோட்ட வேலைக்கோ தொழிற்சாலைக்கோ போய்த் திரும்பி, மறுபடியும் சமைத்து, பிள்ளைகளுக்குப் போட்டு, மாமன் மாமிக்குப் போட்டு, கணவன் ஒட்டுக்கடையிலிருந்து திரும்பும் வரையில் காத்திருந்து, அவனுக்கும் போட்டபின் அடிச்சட்டியில் மீந்ததைத் தின்று பாத்திரம் கழுவிவிட்டுப் படுப்பவள் அவள். காய்கறியும் மீனும் அதற்குள் தீர்ந்துவிடும். அவளுக்கு எஞ்சுவது சோறும் குழம்பும். கடைசியில் உண்பவளே கற்புடையவள் என்று கதை கட்டி வைத்த சமூகம், இன்று அவள் உடல் பருத்ததும், "நேரங்கழித்து உண்டாய், ஆகவே பெருத்தாய்" என்று அவளையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. முன் சொன்ன 2019-ம் ஆண்டு ஆய்வில் பெண்களில் எடை மிகுந்தோர் நூற்றுக்கு 54.7, இத்தொகை நாட்டுச் சராசரியிலும் மேல். இதற்கு வெட்கப்பட வேண்டியவர் யார்?

இரண்டாவது, இரவு வேலைக்காரர். செம்பனை ஆலையில் இரவு முறை பார்ப்பவர், பட்டணத்துத் தொழிற்சாலையில் முறை மாறி மாறி உழைப்பவர், 12 மணி நேரம் கதவடியில் நிற்கும் ஜாகாக்காரர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் போனபின் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்த நம்மவர் பலர்க்குக் கிடைத்த பிழைப்பு இதுவே. இரவு வேலை செய்வோரிடையே உடற்பருமனும் நீரிழிவும் மிகுதி என்பது பல நாட்டு ஆராய்ச்சிகளில் கண்ட செய்தி. அவரிடம் போய் "7 மணிக்கு மேல் உண்ணாதே" என்பது, மழையில் நிற்பவனிடம் "நனையாதே" என்று சொல்லிவிட்டுக் குடையைச் சுருட்டிக்கொண்டு போவதாகும்.

மூன்றாவது, வேறு போக்கில்லாமல் பொழுது போக்கக் கடையில் அமர்பவர். இவர்களுக்காக நாம் வாதாடவில்லை. இரவு 11 மணிக்கு ரொட்டி சானாயும் தே தாரிக்கும் மீ கோரிங்கும் வைத்துக்கொண்டு பந்தாட்டம் பார்க்கும் வாலிபர்கள், அதற்கு முன்னரே வீட்டில் ஒரு தடவை உண்டு வந்தவர்கள். அது நேரங்கழித்த உணவன்று, நாலாவது உணவு. 2024-ம் ஆண்டில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம், 24 மணி நேரமும் திறந்திருக்கும் உணவுக்கடைகளை நிறுத்த வேண்டுமென்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொண்டதை நேயர்கள் அறிவார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் கடையைப் பூட்டினால் ஜாகாக்காரரும் லாரி ஓட்டுநரும் பட்டினி. வாலிபனோ முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வான்.

இங்கே எம் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல நாணமாய் இருக்கிறது. எனினும் சொல்லாவிடில் இக்கட்டுரைக்குப் பொருளில்லை. எம் தாயார் பல ஆண்டுகளாய் இனிப்புநீர் வியாதிக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், இரவில் உண்டால் எடை ஏறும், எடை ஏறினால் வியாதி முற்றும் என்று யாரோ அனுப்பிய செய்தியை அவருக்கு அண்டை வீட்டார் படித்துக் காட்டினார்கள். ஒரு மாதக் கடைசியில் நாம் சம்பளப் புத்தகத்தை முடித்து வீடு திரும்ப இரவு 9 மணியாயிற்று. அவர் வழக்கம்போல் ஊசி போட்டுக்கொண்டார். எமக்குச் சோறு போட்டார். தாம் உண்டதாகச் சொல்லிப் படுத்துவிட்டார். விடியற்காலம் 4 மணிக்கு உடலெல்லாம் வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறிக் கிடந்த நிலையில் அவரைக் கண்டோம். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது, இரத்தத்தில் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கிவிட்டது, இன்னும் சிறிது தாமதித்திருந்தால் உயிருக்கே மோசம் என்றார் வைத்தியர். ஊசி உள்ளே போயிற்று. சோறு உள்ளே போகவில்லை. நடந்தது அவ்வளவே.

நினைவு திரும்பியபின், "ஏனம்மா உண்ணவில்லை?" என்று கேட்டோம். "நீ வருமுன் நான் எப்படித் தம்பி உட்காருவேன்? நீ வந்தபோது மணி ஏழு தாண்டிவிட்டதே!" என்றார்.

நேயர்களே, அந்த விடையை நினைத்துப் பாருங்கள். ஆண்மகன் உண்ணுமுன் உண்ணாதே என்பது ஒரு விதி. 7 மணிக்கு மேல் உண்ணாதே என்பது இன்னொரு விதி. இரண்டு விதிகளுக்கும் நடுவே ஒரு கிழவிக்குச் சோறு உண்ண ஒரு நாழிகையும் மிஞ்சவில்லை. முதல் விதியை ஏற்படுத்தியது பழமை. இரண்டாவது விதியை ஏற்படுத்தியது புதுமை. இரண்டையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் அவர் போட்ட சோற்றைத் தின்றவர் நாம். ஆங்கிலம் படித்தவர், ஆராய்ச்சி வாசிப்பவர், சீர்திருத்தம் பேசுபவர்!

அப்படியானால் உண்மைக் குற்றவாளி எங்கே? கண்ணாடிக் குவளையில் இருக்கிறான். ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் ஏறத்தாழ 60 கலோரி உண்டு. ஒரு குவளைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு மூன்று குவளை என்றால் டின்பாலில் மட்டும் 360 கலோரி. அது ஒரு ரொட்டி சானாய்க்கு மேற்பட்ட கணக்கு. அத்தனையும் சூரிய வெளிச்சத்திலேயே உள்ளே போகிறது. காலைப் பசியாறுதலின்போது ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று. 7 மணிக்கு அடுப்பை அணைப்பவர் இதில் எதையும் தொடவில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் 2016-ம் ஆண்டில் நீரிழிவின்மேல் போர் தொடுத்தபின், 2022-ம் ஆண்டு டிசம்பர் முதல் புட்டியிலும் டின்னிலும் அடைத்த பானங்களுக்கும், 2023-ம் ஆண்டு டிசம்பர் முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் சீனி, கொழுப்பு அளவைப் பார்த்து ஏ முதல் டி வரை தரம் போட்டது. மலேசியாவும் 2019-ம் ஆண்டு ஜூலையில் இனிப்புப் பானங்களுக்கு வரி விதித்தது. இவ்விரு அரசாங்கங்களும் பிடித்த இடம் சீனி. கடிகாரத்துக்கு வரி போட எவரும் நினைக்கவில்லை.

இன்னொரு குற்றவாளி உறக்கக் குறைவு. 2022-ம் ஆண்டில் சிக்காகோவில், குறைவாய் உறங்கும் 80 பேரில் ஒரு பாதியினரைத் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிகமாய் உறங்கச் செய்தபோது, அவர்கள் எவரும் சொல்லாமலே நாளைக்கு 270 கலோரி அளவு குறைத்து உண்டார்கள். மூன்றாவது குற்றவாளி உழைப்பு மாறியும் தட்டு மாறாதது. பெரட்டுக்கு நின்று, பால் வெட்டி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, தோளில் பால் சுமந்த நம் பாட்டன் பாட்டிமார் உண்ட சோற்றின் அளவையே, மேசைமுன் எட்டு மணி நேரம் அமரும் நாமும் உண்கிறோம். இந்த மூவரையும் விட்டுவிட்டு, பாத்திரம் கழுவியபின் ஒரு பிடி உண்பவளைப் பிடித்துக் கட்டுவது என்ன நீதி?

ஆகவே நாம் வேண்டுவன சில. வீட்டில் இரவுச் சோற்றை எல்லோரும் ஒன்றாய் அமர்ந்து உண்ண வேண்டும். சமைத்தவளும் அதே பந்தியில், அதே வேளையில், மீனும் காயும் இருக்கும்போதே உண்ண வேண்டும். வரத் தாமதமாகும் ஆண்மகன் தானே சோறு போட்டுக்கொள்ளக் கற்க வேண்டும்; அதனால் அவன் கை தேயாது. உண்டபின் இரண்டு மூன்று மணி கழித்துப் படுப்பது நல்லது. நெஞ்செரிச்சலும் குறையும், இரத்தச் சர்க்கரைக்கும் நல்லது. ஆனால் பசியோடு இருப்பவர், இரவு எந்த மணியானாலும், அளவாய் உண்பதற்கு அஞ்ச வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர், தம் வைத்தியரைக் கேளாமல் ஒரு வேளைச் சோற்றையும் விடக் கூடாது. எந்தப் பிரசங்கியார் சொன்னாலும் விடக் கூடாது. இரவு வேலை வாங்கும் முதலாளிமார், நள்ளிரவில் கடை தேடி அலையவிடாமல், முன்னிரவிலேயே உண்ண நேரமும் இடமும் கொடுக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் கேட்க வேண்டும்.

எம் வீட்டில் இப்பொழுது இரவுச் சோறு 7 மணிக்கு. நாம் வந்தாலும் வராவிட்டாலும் தாயார் உண்டுவிடுகிறார். பழக்கத்துக்குச் சில மாதம் பிடித்தது. எம் தட்டை மூடிவைத்துவிட்டுத் தம் தட்டை எடுக்க அவர் கூசினார். இப்பொழுது கூசுவதில்லை. மாதக் கடைசியில் நாம் 9 மணிக்கு வந்து, மூடிவைத்த சோற்றைத் தனியே போட்டு உண்கிறோம். பிரசங்கியார் கணக்கின்படி அது முழுதும் கொழுப்பாக வேண்டும். தேநீரில் டின்பாலை விட்டபின் எம் இடைவார் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது.

அடுத்த முறை அவர் எம் தோட்டத்துக்கு வரும்போது, மண்டபத்துப் பெண்களைப் பார்த்து எத்தனை மணிக்கு உண்கிறீர்கள் என்று கேட்கட்டும், தடையில்லை. அதற்கு முன், அவர்கள் பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆடவரைப் பார்த்து, யாரைக் காக்கவைத்துவிட்டு உண்கிறீர்கள் என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு மண்டபம் கைதட்டுகிறதா என்று பார்ப்போம்.